ஒன்பதாவது சில்லு

பிப்ரவரி 14 — 132.4
பிப்ரவரி 15 — 132.4
பிப்ரவரி 16 — 132.4
பிப்ரவரி 17 — 132.4
பிப்ரவரி 18 — பார்க்கவில்லை
பிப்ரவரி 19 — 140.4

மேலே உள்ளது புள்ளிக்காரரின் மேசை நோட்டிலிருந்து எடுத்தது. 132.4 என்பது பதினேழாம் நம்பர் கிணற்றில் ஒரு வருடம் எடுத்த பன்னிரண்டு அளவுகளின் கூட்டுத்தொகை. அந்த வருடம் முடிந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. ஆகவே அந்தத் தொகை இனிக் கூடவும் வழியில்லை, குறையவும் வழியில்லை. இருந்தும் அவர் தினமும் காலை ஏழு மணிக்குக் கணினியைத் திறந்து, அந்தப் பன்னிரண்டையும் கூட்டச் சொல்லி, வந்த விடையை நோட்டில் எழுதுவார்.

“முடிஞ்சுபோன கணக்கைத் தினம் எதுக்குங்க பாக்கறீங்க?” என்று அவர் மனைவி கேட்டதுண்டு.

“நேத்து இருந்தது இன்னிக்கும் அப்படியே இருக்கான்னு பாக்கறேன்.”

“என்னை ஒரு நாளாவது அப்படிப் பாத்திருக்கீங்களா?”

அவர் அன்றைய 132.4ஐ நோட்டில் எழுதினார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. குடிநீர் இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டம் அளந்தவர். மொத்தம் நாற்பத்தாறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு முறை அளவு. அதற்கு இரண்டு பேர் போவார்கள். ஒருவர் நாடாவைக் கிணற்றுக்குள் இறக்குவார். நாடாவின் முனை தண்ணீரைத் தொட்டதும், தரையிலிருந்து தண்ணீர்வரை எத்தனை மீட்டர் என்று கூவுவார். “பதினொண்ணு ரெண்டு!” என்றால் 11.2. புத்தகம் வைத்திருப்பவர் அதை உடனே எழுதிவிடக் கூடாது. “பதினொண்ணு ரெண்டா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். நாடாக்காரர் இன்னொரு முறை நாடாவைப் பார்த்து, “ஆமா, பதினொண்ணு ரெண்டு” என்ற பிறகுதான் எழுதுவது. எழுதிய எண்ணுக்கு அடியில் ஒரு சிறு புள்ளி. புள்ளி இருந்தால் அது திருப்பிக் கேட்டு எழுதிய எண் என்று பொருள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். ஆறு மாதம் போனால் திருப்பிக் கேட்பது நின்றுபோகும். வீட்டுக்குப் போய் மொத்தமாகப் புள்ளி வைத்துக்கொள்வார்கள். இவர் ஒருவர்தான் கடைசி நாள்வரை கிணற்றடியிலேயே கேட்டு, கிணற்றடியிலேயே வைத்தவர். இலாகாவில் பெரும்புள்ளிகள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். புள்ளிக்காரர் என்ற பெயர் இவருக்குத்தான் நிலைத்தது. உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் இலாகாவே அவரைத் தேடி வந்தது. ஊருக்குக் கிழக்கே உள்ள மணற்படுகையிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்கலாம் என்று வரம்பு கட்ட வேண்டும். அதற்கு அந்த நாற்பத்தாறு நோட்டுகளையும் கணினியில் ஏற்றி, கணக்குப் போட்டு, ஒரு புத்தகமாகத் தர வேண்டும். ஏற்றுவது புள்ளிக்காரரின் வேலை. கணக்குப் போடுவது அவர் மைத்துனரின் வேலை.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி, கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஐம்பத்து நான்கு வயது. பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி, இறங்கிய வேகத்தில் பஸ்ஸுக்கும் முன்னால் போய்விடுகிறவர். அவர் எழுதிய நிரல், தரைக்கு அடியில் உள்ள மணலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் பக்கத்துக் கட்டத்துக்குத் தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே போகும். வீட்டில் இருந்த பழைய கணினியில் அது ஓடி முடிய பதினாறு நாள் பிடித்தது. ஒப்பந்தத்தில் புதுக் கணினிக்கென்று தொகை ஒதுக்கியிருந்தார்கள். ஓடுகிற கணினி ஒன்று இருக்கும்போது எதற்கு என்று இருவரும் அதைத் தொடவில்லை.

பிப்ரவரி 18 அன்று புள்ளிக்காரருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டார். முப்பத்து மூன்று வருடத்தில் பல்லுக்காக விடுப்பு எடுக்காதவர், ஓய்வு பெற்ற பிறகு எடுத்த ஒரே விடுப்பு அதுதான். அன்றைக்குப் பார்த்து வாத்தியார் வந்து, கோப்பைத் திறந்து, பக்கங்களின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து, சேமித்து, அச்செடுத்து, கட்டி, மாலை நாலரை மணிக்கு இலாகாவில் கொடுத்துவிட்டு வந்தார். கெடு மறுநாள்தான். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்ததில் அவருக்கு ஏகப் பெருமை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நோட்டில் 140.4 விழுந்தது.

புள்ளிக்காரர் பன்னிரண்டு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மார்ச் மாதத்தில் 11.2 இருந்த இடத்தில் 19.2 இருந்தது. பீரோவைத் திறந்து பதினேழாம் நோட்டை எடுத்தார். 11.2, அடியில் புள்ளி. பிப்ரவரி 17 மாலை தனியாக எடுத்துவைத்த நகலைத் திறந்து பார்த்தார். அதிலும் 11.2. மைத்துனரைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நேத்து பதினேழுல கை வச்சியா?”

“பக்கத்தோட அகலத்தைத்தான் குறைச்சேன் அத்தான். எண்ணைத் தொடவே இல்ல. அக்கா மேல சத்தியம்.”

“என்னை எதுக்குடா நடுவுல இழுக்கற?” என்றார் உள்ளே இருந்து அக்கா.

புள்ளிக்காரர் விசைப்பலகையைப் பார்த்தார். ஒன்று இடது ஓரத்தில் இருந்தது. ஒன்பது வலது பக்கம் தள்ளி இருந்தது. “கை தவறியிருந்தா ஒண்ணு ரெண்டாகும். ஒன்பது ஆகாது,” என்றார். மைத்துனரை அவர் நம்பினார். நம்பிய பிறகு மிச்சம் இருந்தது கணினி மட்டும்தான்.

அன்றே இலாகாவுக்குக் கடிதம் எழுதினார். நடந்ததை நடந்தபடி எழுதி, சரியான பக்கத்தையும் இணைத்தார்.

பதில் மார்ச் 6 அன்று வந்தது. செயற்பொறியாளர் கையெழுத்திட்டிருந்தார். “கணினி தானாக எண்ணை மாற்றாது. பிழைக்குக் காரணம் அளவெடுத்தவரின் கவனக்குறைவு என்றே கருத வேண்டியுள்ளது.” முழுப் புத்தகத்தையும் சரிபார்த்து, கணக்கை மறுபடி ஓட்டி, ஏப்ரல் 30க்குள் தர வேண்டும். இன்னொரு முறை இதுபோல ஒன்று தென்பட்டாலும் நாற்பத்தாறு ஏடுகளும் நம்பத் தகாதவை என்று கழிக்கப்படும். வரம்பு பொதுவான மதிப்பீட்டின்படி முடிவு செய்யப்படும்.

புள்ளிக்காரர் கடிதத்தை மடிக்காமல் மேசைமேல் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து மனைவி வந்து, அவர் தோளுக்கு மேலாகக் கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு வார்த்தைக்கா இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்க?”

“ஒரே வார்த்தைதான். ‘கவனக்குறைவு’ன்னு சேத்து எழுதியிருக்காங்க,” என்றார் அவர்.

மனைவி கடிதத்தை எடுத்துப் பார்த்தார். சேர்த்துத்தான் எழுதியிருந்தது. மருந்துக்கடையில் சீட்டு வாசித்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. கோழிக் கிறுக்கலையெல்லாம் வாசிப்பவர். அந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தார். பிறகு, “திங்கக்கிழமையிலேருந்து நான் சாயந்திர வேலைக்கு மாத்திக்கறேன். காலையில நான் வாசிக்கறேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க,” என்றார்.

மார்ச் 9 முதல் 31 வரை இருபத்து மூன்று நாட்கள், தினம் இரண்டு நோட்டு. பிப்ரவரி 17 நகலிலிருந்து எடுத்த அச்சை அவர் கையில் வைத்துக்கொண்டார்; மனைவி நோட்டை வாசித்தார். மொத்தம் 18,216 எண்கள். மனைவிக்குத் தொண்டை கட்டியது. மிளகளவு மாத்திரை ஒன்றை நாக்கடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். நோட்டுக்கும் அச்சுக்கும் ஒரு வித்தியாசம்கூட இல்லை.

ஆனால் மார்ச் 24 அன்று முப்பத்தொன்றாம் நோட்டில் மனைவி வாசிப்பது நின்றது.

“பதினாலு ஆறு. இதுக்குக் கீழ புள்ளி இல்லீங்க.”

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் 9. எண் இருந்தது. அடியில் வெறும் தாள்.

மனைவிதான் முதலில் தேதியைக் கண்டுபிடித்தார். சிரித்துவிட்டார். “ஆகஸ்ட் ஒன்பதுங்க! பாப்பா பொறந்த நாள்!”

அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று நாடாக்காரர் வரவில்லை; இவர் தனியாகப் போயிருந்தார். தனியாகப் போனால் நாடாவை இரண்டு முறை இறக்கி, இரண்டும் ஒத்துவந்தால்தான் புள்ளி. ஒரு முறை இறக்கி எழுதியதும், அடுத்த வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, வலி எடுத்துவிட்டது என்று கத்தினார். இவர் நாடாவைச் சுருட்டக்கூட இல்லை.

“கல்யாணம் ஆன நாளா நீங்க ஓடி நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான்,” என்றார் மனைவி. “ஆஸ்பத்திரியில கையெல்லாம் சேறு.”

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவைத்தார்.

ஏப்ரல் 3 அன்று புள்ளிக்காரரும் வாத்தியாரும் கணினிக் கடைக்குப் போனார்கள். மாடியில் கடை; பத்தொன்பது படி. கடையை நடத்தியது ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மதர்போர்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிக்காரர் பதினொன்று பத்தொன்பதான கதையைச் சொன்னார். கடைக்காரம்மா கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“சார், ஒண்ணுதானே ஒன்பதாச்சு? ரெண்டு, மூணு ஆகல இல்ல?”

“இல்ல. ஒன்பது.”

அவர் ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினார்.

0011 0001
0011 1001

“மேல இருக்கறது ஒண்ணு. கீழ இருக்கறது ஒன்பது. கம்ப்யூட்டர் இப்படித்தான் எழுதி வச்சுக்கும். ரெண்டுக்கும் எத்தனை இடத்துல வித்தியாசம்னு பாருங்க.”

புள்ளிக்காரர் பார்த்தார். ஒரே ஒரு இடம். ஒரு பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.

“ஒரு புள்ளி பிசகினா ஒண்ணு ஒன்பதாயிடும் சார். மெமரி பழசா இருக்கலாம், சூடா இருக்கலாம், கரண்ட்டு ஏறி இறங்கியிருக்கலாம். எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது. எப்பவோ ஒரு தடவை நடக்கும். நடந்தது வெளிய தெரியாது. நீங்க தினம் கூட்டிப் பாத்ததால தெரிஞ்சுது.”

புள்ளிக்காரர் அந்தப் பில்லை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மார்ச் 6க்குப் பிறகு அவர் முதுகு நிமிர்ந்தது அப்போதுதான் என்று வாத்தியார் பிறகு அக்காவிடம் சொன்னார்.

ஒப்பந்தத்தில் புதுக் கணினிக்கென்று ஒதுக்கிய தொகையை எடுப்பதென்று முடிவாயிற்று. அந்தத் தொகைக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, இப்போது வந்திருக்கும் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மிக வேகமானது. கணக்கு ஐந்து நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, சர்வர் வகை ஒர்க்ஸ்டேஷன் ப்ராசஸர். புதியது வாங்கத் தொகை போதாது. முந்தைய தலைமுறைதான் கிடைக்கும். வேகம் குறைவு, எட்டு நாள் ஆகும். ஆனால் அது பிழை திருத்தும் மெமரியோடு வேலை செய்யும்.

“அப்படின்னா?” என்றார் புள்ளிக்காரர்.

கடைக்காரம்மா இரண்டு மெமரிக் குச்சிகளை எடுத்து மேசையில் வைத்தார். “இந்தக் குச்சியில கறுப்புச் சில்லு எத்தனை, எண்ணுங்க.”

“எட்டு.”

“இதுல?”

“ஒன்பது.”

“எட்டுல எண் இருக்கும். ஒன்பதாவதுல அந்த எண் சரிதானான்னு பாக்கற அடையாளம் இருக்கும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ப்ராசஸர் ரெண்டையும் ஒத்துப் பாக்கும். ஒரு இடம் மாறியிருந்தா அதுவே திருத்திட்டு, திருத்தினேன்னு எழுதி வைக்கும். ரெண்டு இடம் மாறியிருந்தா திருத்த முடியாது, ஆனா சொல்லிடும்.”

புள்ளிக்காரர் ஒன்பதாவது சில்லை விரலால் தொட்டார். “திருப்பிக் கேட்டுட்டு எழுதறது,” என்றார்.

வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாதாடினார்.

“அத்தான், வேகமான மிஷினை வாங்கினா கணக்கை ரெண்டு தடவை ஓட்டலாம். அஞ்சும் அஞ்சும் பத்து நாள். ரெண்டு விடையும் ஒண்ணா இருந்தா சரி. இதுவும் திருப்பிக் கேக்கறதுதானே?”

புள்ளிக்காரர் இதை எளிதில் தள்ளிவிடவில்லை. நியாயமான பேச்சு. மூன்று நாள் ஆறப்போட்டு யோசித்தார். வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார். நான்காம் நாள் காப்பிக்கு நடுவே புள்ளிக்காரர் சொன்னார்:

“ரெண்டு விடையும் வேற வேறயா இருந்தா எது சரின்னு எப்படித் தெரியும் மாப்ளே? மூணாவது தடவை ஓட்டணும். அதுக்குள்ள கெடு வந்துடும். கோப்பைத் திறக்கும்போதே ஒரு எண் மாறி, அது அப்படியே சேமிச்சுட்டா, ரெண்டு தடவையும் ஒரே தப்புதான் வரும். நாம சரின்னு நினைச்சுக்குவோம்.”

“எல்லாத்துக்கும் ஒரு ‘ஆனா’ வச்சிருக்கீங்க.”

“கிணத்தடியிலேயே கேக்கணும். வீட்டுக்கு வந்து கேட்டா அது புள்ளி இல்ல.”

“நீங்க ரெண்டு பேரும் அந்த ரெண்டு ப்ராசஸர் மாதிரிதான் இருக்கீங்க,” என்றார் அக்கா. “ஒண்ணு ஓடும், ஒண்ணு பாக்கும். எதையாவது வாங்கித் தொலைங்க.”

சர்வர் வகையே என்று முடிவாயிற்று. ஏப்ரல் 7 அன்று வாத்தியாருக்குக் கல்லூரி விடுமுறை. தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். கடையில் அன்று இருந்தவர் கடைக்காரம்மாவின் கணவர். அவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பவர். எதற்கு என்று கேட்பவரல்ல. வாத்தியார் படியேறும்போதே மனதில் ஒரு சமரசம் உருவாகிவிட்டது. வேகமான டெஸ்க்டாப் ப்ராசஸரையும், அதற்குப் பொருந்துகிற ஒன்பது சில்லு மெமரியையும் சேர்த்து வாங்கி வந்துவிட்டார்.

“ரெண்டு பேர் சொன்னதும் ஆச்சு அத்தான்! வேகத்துக்கு வேகம், உங்க புள்ளிக்குப் புள்ளி. குச்சியை எண்ணிப் பாருங்க, ஒன்பது.”

புள்ளிக்காரர் எண்ணிப் பார்த்தார். ஒன்பதுதான். எல்லாம் பூட்டி, இயக்கி, வாத்தியார் கணக்கை ஓடவிடப் போனார்.

“கொஞ்சம் இரு,” என்றார் புள்ளிக்காரர். “அது திருப்பிக் கேக்குதுங்கறதுக்கு அடையாளம் எங்க?”

“உள்ளுக்குள்ள கேக்கும் அத்தான்.”

“உள்ளுக்குள்ள கேட்டாலும் கேட்டேன்னு எழுதணும்னு அந்தம்மா சொன்னாங்களே. எங்க எழுதும்?”

வாத்தியார் அலுப்போடு மெமரியைப் பற்றிய விவரங்களைத் திரையில் வரவழைத்தார். அளவு, வேகம், குச்சிகளின் எண்ணிக்கை எல்லாம் வந்தன. கடைசி வரியை அவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரலை இறக்கினார்.

“பிழை திருத்தம்… இல்லை.”

கடைக்குப் போன் போட்டார்கள். இம்முறை எடுத்தது கடைக்காரம்மா.

“ஐயோ வாத்தியாரே! அந்தக் குச்சி அதுல உக்காரும், ஓடும். ஆனா நீங்க எடுத்த ப்ராசஸருக்கு ஒன்பதாவது சில்லுகிட்டப் பேசத் தெரியாது. அது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கும்.”

புள்ளிக்காரர் போனை வாங்கி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார். “சும்மா உக்காந்திருக்கும்.”

“ஆமா சார்.”

போனை வைத்துவிட்டு மைத்துனரைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “கிணத்தடிக்கு ரெண்டு பேர் போனாங்க மாப்ளே. நாடாக்காரர் சத்தமாத்தான் சொன்னார். புத்தகக்காரருக்குக் காது கேக்கல,” என்றார். வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அக்கா, “உனக்கும்தாண்டா,” என்றார்.

பெட்டியோடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். குச்சிகளும் உதவாது, சர்வர் வகைக்கு வேறு ரகம் என்று கடைக்காரம்மா சொன்னார். பொருத்தமான மதர்போர்டு வெளியூரிலிருந்து ஏப்ரல் 16 அன்றுதான் வந்தது. ஒன்பது நாள் போய்விட்டது. இனி ஒரே ஓட்டம்தான், எட்டு நாள். நடுவில் நின்றால் அடுத்ததற்கு நேரமில்லை.

ஏப்ரல் 17 காலை 7.10க்குக் கணக்கு ஓடத் தொடங்கியது. அதற்கு முன் புள்ளிக்காரர் பதினேழாம் கிணற்றைக் கூட்டினார். 132.4.

புதுக் கணினி சமையலறை அலமாரியின் பாதி உயரம் இருந்தது. இரண்டு ஃபேன்கள், மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி. அறையின் சன்னலைத் திறந்துவைத்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். காலையும் மாலையும் திரையில் ஒரு வரியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். திருத்திய பிழைகள்: 0. மாலை: 0. மறுநாள் காலை: 0.

வாத்தியார் கல்லூரி விட்டதும் வந்து எட்டிப் பார்ப்பார். “இன்னிக்கு எத்தனை?”

“பூஜ்யம்.”

“பூஜ்யத்துக்கு ஒரு காவல்காரர், காவல்காரருக்கு ஒரு காவல்காரர். நடக்கட்டும்.”

ஏப்ரல் 22 அன்று பிற்பகல் அவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வரி மாறியிருந்தது. திருத்திய பிழைகள்: 1. நேரமும் போட்டிருந்தது, 2.47. எந்தக் குச்சி, எந்த இடம் என்றும் இருந்தது. கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவியைக் கூப்பிட்டார். மனைவி வாசித்தார், அவர் திருப்பிச் சொன்னார், எழுதினார், அடியில் ஒரு புள்ளி வைத்தார்.

மாலை வாத்தியார் வந்து நோட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“என் மிஷினா இருந்தா?”

“ஓடியிருக்கும்.”

“தெரிஞ்சிருக்காதா?”

“தெரிஞ்சிருக்காது.”

கடைக்காரம்மாவிடம் கேட்டபோது அவர் எதையும் பெரிதுபடுத்தவில்லை. அது முக்கியமான எண்ணாகவும் இருக்கலாம், எதற்கும் உதவாத காலி இடமாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். புள்ளிக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 25 காலை 8.35க்குக் கணக்கு முடிந்தது. பதினேழாம் கிணறு 132.4. இரண்டு நாள் அச்சு. 27ஆம் தேதி புத்தகத்தோடு வைப்பதற்கு ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தார். முதல் பத்தியில் பிப்ரவரி 18. கடைக்காரம்மா எழுதிக் கொடுத்த இரண்டு வரிகளையும் அப்படியே போட்டு, வித்தியாசமான இடத்தில் கோடிட்டார். இரண்டாவது பத்தியில் ஏப்ரல் 22, 2.47. மூன்றாவது பத்தி எழுத முப்பத்தொன்றாம் நோட்டை எடுத்தபோது வாத்தியார் துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டார்.

“இது எதுக்கு அத்தான்?”

“இந்த எண்ணைத் திருப்பிக் கேக்கல. அதைச் சொல்லணும்.”

“சரியாப் போச்சு! அவங்களா கண்டுபிடிக்கப் போறாங்க? பென்சில் உங்க கையிலதான் இருக்கு. ஒரு புள்ளி. அவ்வளவுதான். முன்னும் பின்னும் இருக்கற மாசத்தைப் பாருங்க. பதினாலு அஞ்சு, பதினாலு எட்டு. பதினாலு ஆறு சரியாத்தான் இருக்கும்.”

“சரியாத்தான் இருக்கும்,” என்று புள்ளிக்காரரும் ஒப்புக்கொண்டார். பென்சில் கையில்தான் இருந்தது. மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து எழுதினார்: “31ஆம் கிணறு, இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் 9, அளவு 14.6. இந்த ஓர் எண் மட்டும் திருப்பிச் சரிபார்க்கப்படவில்லை. இதற்குக் காரணம் அளவெடுத்தவனான என் கவனக்குறைவு.”

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். “அந்த வார்த்தையை எடுக்கத்தானே அத்தான் ரெண்டு மாசமா இந்தப் பாடு! இப்ப நீங்களே எழுதிக் குடுக்கறீங்களே? ஒரு தப்பு இருந்தாலும் நோட்டையெல்லாம் கழிச்சுடுவோம்னு எழுதியிருக்காங்க, மறந்துட்டீங்களா?”

“மறக்கல. அந்த வார்த்தை தப்பான இடத்துல இருந்துச்சு. எங்க இருக்கணுமோ அங்க வைக்கறேன்.”

“கழிச்சுட்டாங்கன்னா?”

“கழிச்சா கழிக்கட்டும். பொய்ப் புள்ளி வச்சா மத்த பதினெட்டாயிரத்துப் புள்ளிக்கும் என்ன மதிப்பு?” என்றவர், உடனே திருத்திக்கொண்டார். “பதினெட்டாயிரத்து இருநூத்துப் பதினஞ்சு.”

ஏப்ரல் 28 அன்று இருவரும் போய்க் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்கி வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் வாத்தியார் இறங்கினார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

மே மாதம் முழுக்கப் பதில் இல்லை. புள்ளிக்காரர் தினமும் காலை ஏழு மணிக்குக் கூட்டினார். 132.4, 132.4. மனைவி மறுபடி காலை வேலைக்கு மாற்றிக்கொண்டார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும் நேரம் எதுவென்று புள்ளிக்காரருக்குத் தெரிந்திருந்தது, சாதாரணமாக 11.15க்கும் 11.25க்கும் இடையில். அந்தப் பத்து நிமிடம் அவர் வாசலில் இருப்பார். வரவில்லை என்றால் உள்ளே போய், வரவில்லை என்று எழுதுவார்.

கடைசியில் வந்த கடிதம் ஒரே பக்கம். மனைவிக்கு அன்று வார விடுமுறை. புள்ளிக்காரர் கடிதத்தை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மனைவி வரிவரியாக வாசித்தார், அவர் திருப்பிச் சொன்னார். 17ஆம் கிணறு குறித்து மார்ச் 6 கடிதத்தில் எழுதப்பட்ட “அளவெடுத்தவரின் கவனக்குறைவு” என்ற சொற்கள் நீக்கப்படுகின்றன. 31ஆம் கிணறு, 14.6 குறித்து, தங்கள் குறிப்பில் கண்ட சொல் தாங்கள் எழுதியபடியே ஏட்டில் இருக்கும். அந்த எண் கணக்கில் சேர்க்கப்படவில்லை, வரம்பில் மாற்றம் ஏதும் இல்லை. நாற்பத்தாறு ஏடுகளும் நிரந்தர ஆவணங்களாக ஏற்கப்படுகின்றன.

“ஒரு எண்ணைத் தள்ளிட்டாங்களே,” என்றார் மனைவி. “பாப்பா பொறந்த நாளை.”

“சரியாத்தான் செஞ்சிருக்காங்க,” என்றார் அவர். நோட்டைத் திறந்தார். தேதியைச் சொன்னார். மனைவி சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்து, அதையே சொன்னார். பிறகுதான் எழுதினார், அடியில் ஒரு புள்ளி வைத்தார்.

ஜூன் 11, வியாழக்கிழமை, காலை 11.20.